நெடிக்குக் கட்டம் இல்லை

ஒரு வண்டிக்கு என்ன கோளாறு என்பது எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது. எங்கள் துறையில் மெக்கானிக்குக்கு முதல் தகுதி அதுதான். கோளாறைக் கண்டுபிடிக்கப் பழுதறி பிரிவு என்று ஒன்று மாடியில் இருக்கிறது. அவர்கள் கண்டுபிடித்து, படிவத்தில் எழுதி, முத்திரை குத்திக் கீழே அனுப்புவார்கள். கீழே ஷெட்டில் பழுதுநீக்குப் பிரிவு இருக்கிறது. அதாவது நான். படிவம் வந்து சேரும்வரை என் எதிரில் நிற்கிற வண்டி, துறையின் பார்வையில், நல்ல வண்டி. அது தீப்பிடித்து எரிந்தாலும் நல்ல வண்டிதான். என்ன, கொஞ்சம் சூடான நல்ல வண்டி.

இருபத்தாறு வருடமாக இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. அவர்கள் கண்டுபிடிக்கட்டும், நாம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம் என்றுதான் இருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மாடியில் இருக்கிறவர்கள் எல்லாம் கிறுக்கர்கள், நான் ஒருத்தன்தான் யோக்கியன் என்பதுபோலக் கதை போய்விடும்.

எங்கள் முற்றத்தில் ஒரு டீசல் லாரி உண்டு. ஆயத்த வண்டி என்று பெயர். காலை ஒன்பது மணிக்கு ஸ்டார்ட் செய்தால் மாலை ஐந்து மணிக்குத்தான் அணைக்க வேண்டும். நடுவில் எங்கேயும் போகாது. நின்ற இடத்திலேயே எட்டு மணி நேரம் உறுமிக்கொண்டிருக்கும். ஐந்து மணிக்கு மேல் கூண்டுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை மாடிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். ஒரு காலத்தில் மேலிடத்திலிருந்து யாரோ பார்வையிட வந்தபோது அந்த வண்டி ஸ்டார்ட் ஆகாமல் மூன்று முறை முனகிவிட்டு நின்றுவிட்டதாம். வந்தவர் சிரித்துவிட்டாராம். அந்த ஒரு சிரிப்புக்கு இரண்டு சுற்றறிக்கை பிறந்தன. ஆயத்த வண்டியின் எஞ்சின் அலுவலக நேரம் முழுவதும் ஓட வேண்டும் என்பது ஒன்று. ஓடுகிற வண்டியை ஆளில்லாமல் விடக் கூடாது, ஆகவே ஓட்டுநர் இருக்கையிலேயே இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. எதற்காக ஆயத்தம் என்று இரண்டிலும் இல்லை.

அந்த இருக்கையில் இருந்தவன் என் தங்கையின் கணவன். நானும் அவனும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், பிறகுதான் சம்பந்தம். நான் மாப்பிள்ளை என்று கூப்பிட்டு, டிரைவர்களும் அப்படியே கூப்பிட்டு, கடைசியில் மாடியில் அதிகாரிகள்கூடக் கோப்பில் மட்டும்தான் அவனுடைய பெயரை எழுதினார்கள். வாய் ஓயாது அவனுக்கு. கேபினில் உட்கார்ந்தபடியே முற்றத்தில் போகிற வருகிற ஆளையெல்லாம் வம்புக்கு இழுப்பான். "என்ன சார், சட்டை புதுசா, இல்ல வீட்டுக்காரம்மா துவைச்சிட்டாங்களா?" என்பான். யாருக்கும் கோபம் வராது.

ஒரு திங்கட்கிழமை என்னைக் கைதட்டிக் கூப்பிட்டான்.

"மச்சான், வண்டி ஒரேடியா நெடி அடிக்குது. கண்ணு எரியுது. ஏப்பம் விட்டா டீசல் வாசம் வருது."

"கண்ணாடிய எறக்கி வெச்சுக்கோ மாப்ள."

"எறக்கினா வெளியில இருக்குறது உள்ள வருது. ஏத்தினா உள்ள இருக்குறது உள்ளேயே இருக்குது. எது தேவலைன்னு நீயே சொல்லு."

போய்ப் பார்த்தேன். பத்து நிமிடம்தான். நாள் முழுக்க நின்ற இடத்தில் ஓடுகிற எஞ்சின் சரியாகச் சூடேறாது, டீசல் பாதி எரியும், பாதி அப்படியே வெளியே வரும், அது ஊரறிந்த விஷயம். ஆனால் இது அதற்கும் மேலே இருந்தது. எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்த்தேன். மூன்றைத் தளர்த்தும்போது எஞ்சின் தடுமாறியது. நான்காவதைத் தளர்த்தும்போது சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்படியானால் அதில் வருகிற டீசல் எரியவில்லை, சும்மா ஒழுகிக்கொண்டிருக்கிறது. கீழே குனிந்தேன். சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேருகிற இடத்தில் புகை கசியாமல் அடைக்கிற கேஸ்கெட் பிய்ந்துபோய், சுற்றிலும் கரி அப்பியிருந்தது. அது கேபினுக்கு நேர் அடியில். கியர் கம்பியின் காலில் இருக்கிற ரப்பர் உறை உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்திருந்தது. ஆக, அரைகுறையாக எரிந்த புகை வெளியே போகிற சிரமம்கூட இல்லாமல் நேராக மாப்பிள்ளையின் முழங்காலுக்கு நடுவில் வந்துகொண்டிருந்தது.

மூன்று கோளாறு. ஒன்றரை மணி நேர வேலை. மூன்றுக்குமான சாமானும் என் அலமாரியிலேயே இருந்தது.

"என்னன்னு தெரிஞ்சுடுச்சா?" என்றான்.

"எனக்கு எங்க தெரியும்? நீ மாடிக்கு எழுதிக் குடு."

விழுந்து விழுந்து சிரித்தான். இருக்கையை விட்டு இறங்கக் கூடாது என்பதால் ஸ்டியரிங் மேல் தாளை வைத்து மனு எழுதினான். நான் மாடிக்குக் கொண்டுபோனேன்.

படிவங்களுக்குப் பொறுப்பான அம்மாவின் மேசை, முற்றத்தைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில். ஜன்னலை மூடி, இடுக்கெல்லாம் பழுப்பு நிற டேப் ஒட்டியிருந்தார். போதாததற்கு மூக்கில் கைக்குட்டை. மனுவைப் படித்துவிட்டு ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் திருப்பினார்.

"பன்னெண்டு கட்டம் இருக்கு. சத்தம், அதிர்வு, ஒழுகல், சூடு, புகை... இதுல எதுல போடணும்?"

"நெடி, மேடம்."

"நெடிக்குக் கட்டம் இல்லை."

"புகையில போட்டுடுங்க."

"புகைன்னா நிறம் எழுதணும். கறுப்பு, நீலம், வெள்ளை. என்ன நிறம்?"

"கண்ணுக்கு அவ்வளவா தெரியாது மேடம். நெடிதான் ஜாஸ்தி."

"கண்ணுக்குத் தெரியாத நிறம்னு எழுத முடியாதுங்களே."

"நீங்களே மூக்க மூடிக்கிட்டுத்தானே உக்காந்திருக்கீங்க?"

அவர் கைக்குட்டையை எடுக்காமலே பதில் சொன்னார். "இது என் சொந்த மூக்குங்க. இத ஆபீஸ் விஷயத்துக்கு உபயோகிக்கக் கூடாது."

நல்ல மனுஷிதான். கட்டம் இல்லாத குறையைப் படிவத் திருத்தக் குழுவுக்கு அன்றைக்கே எழுதிவிட்டார். பத்தாம் நாள் ஓர் இணைப்புத்தாள் வந்தது. அதை மாப்பிள்ளை நிரப்ப வேண்டும். நெடியின் தோராயமான அளவு. நெடி துறையின் உடைமையா, தனியாருடையதா. நெடி வண்டிக்கு வருவதற்கு முன் எங்கே இருந்தது. மாப்பிள்ளைக்கு அப்போது தலைவலி தொடங்கி நான்கைந்து நாள் ஆகியிருந்தது. இருந்தாலும் உற்சாகம் போகவில்லை. அளவு என்கிற இடத்தில் "ஆள் உயரம்" என்று எழுதினான். ஒரு வாரம் கழித்துத் தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் "எந்த ஆள்?" என்று கேட்டிருந்தார்கள்.

அதோடு போகவில்லை. இணைப்புத்தாளின் அடியில் அவன் வெள்ளந்தியாக இன்னொரு வரியும் எழுதித் தொலைத்திருந்தான்: "நான்காவது இன்ஜெக்டரும் கேஸ்கெட்டும் ரப்பரும் போய்விட்டதாக என் மச்சான் பார்த்துச் சொன்னார்." அதுவரை நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது உளறியிருக்கிறேன்.

பழுதறி அதிகாரி என்னைக் கூப்பிட்டார். வேலைக்கு வந்த நாளிலிருந்து கையில் கிரீஸ் படாதவர். பட்டால் பாரபட்சம் வந்துவிடும் என்பார். என்னை உட்காரச் சொன்னார். அது கெட்ட சகுனம்.

"நீங்க தப்பு எதுவும் பண்ணல. அத நான் ஒத்துக்கறேன். ஆனா தெரிஞ்சுக்கிட்டீங்க. அங்கதான் இடிக்குது."

"கண்ணுல பட்டுடுச்சு சார்."

"கண்ணுல படும். அதுக்காகப் பாத்துடறதா? கொஞ்சம் யோசிங்க. உங்களுக்குப் பத்து நிமிஷத்துல தெரிஞ்சிடுச்சுன்னு வைங்க. நாளைக்கு எல்லா மெக்கானிக்கும் பத்து நிமிஷத்துல தெரிஞ்சுக்க ஆரம்பிச்சா, மாடியில நாங்க பதினேழு பேர் இருக்கோமே, எங்க கதி என்ன? எங்களுக்கும் குடும்பம் இருக்குல்ல?"

எனக்கு அவர்மேல் பரிதாபமாகிவிட்டது, நம்பினால் நம்புங்கள். விளக்கம் எழுதிக் கொடுத்தேன். நீண்ட காலப் பழக்கத்தின் காரணமாகக் கோளாறு தவறுதலாகத் தெரிந்துவிட்டது என்றும், இனி அவ்வாறு தெரிந்துகொள்ள மாட்டேன் என்றும். கருணையோடு ஏற்றுக்கொண்டார்கள். பழுதறிதல் முடியும்வரை யாரும் வண்டியை நெருங்கிச் சாட்சியத்தைக் கலைத்துவிடக் கூடாது என்று அதைச் சுற்றிப் பதினைந்தடி தள்ளிச் சுண்ணாம்பால் ஒரு கோடு மட்டும் போட்டார்கள். உத்தரவிலும் "யாரும்" என்றுதான் இருந்தது, விதிவிலக்கு ஓட்டுநர் ஒருவர்தான்.

நான் கோட்டைத் தாண்டவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, எஞ்சின் சத்தத்துக்கு மேலே தொண்டை கிழிய அவனோடு பேசினேன்.

"லீவு போடு மாப்ள!"

"போட்டேன் மச்சான்! என் எடத்துல யாராவது உக்காந்தாத்தான் லீவாம்!"

யார் உட்காருவார்கள்? மற்ற டிரைவர்கள் பதினொரு பேரும் கோடு போடுவதற்கு முன்பே ஆளுக்கொரு தடவை ஏறிப் பார்த்துவிட்டு, அந்தப் புகை ஆகாது என்று ஆளுக்கொரு டாக்டர் சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். துறை பதினொன்றையும் ஏற்றுக்கொண்டது. ஆக, அந்த வண்டியில் நெடி இருக்கிறது என்பதற்கு எழுத்தில் பதினோரு சாட்சி மாடியிலேயே இருந்தது. ஆனால் அது மருத்துவ விடுப்புக் கோப்பு. பழுதறி பிரிவுக்கு அந்த அலமாரியைத் திறக்க அதிகாரமில்லை. மாப்பிள்ளையும் டாக்டர் சீட்டு கொண்டுவந்தான். பன்னிரண்டாவது சீட்டை ஏற்றால் வண்டியில் ஆளில்லாமல் போய்விடும், அது சுற்றறிக்கைக்கு விரோதம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இருபது நாளுக்குப் பிறகு அவன் பேச்சு குறைய ஆரம்பித்தது. ஒரே வேடிக்கையை ஒரே காலையில் மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் நான் சிரித்தேன். அப்புறம் சொல்வதையே விட்டுவிட்டான். புதுச் சட்டை போட்டவர்கள் அவனைத் தாண்டிப் போனார்கள், ஒருவரையும் ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தைந்தாவது நாளோ என்னவோ, "சாப்பிட்டியா மாப்ள?" என்று கத்தினேன்.

"தெரியல மச்சான்," என்றான்.

நான் ஷெட்டுக்குத் திரும்பிப் போய் ஸ்பேனரைத் துடைத்தேன். முப்பத்து மூன்றாவது நாள் ஆய்வு என்று தேதி குறித்திருந்தார்களே, இன்னும் எட்டு நாள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆய்வு நாளும் வந்தது. முற்றத்தில் நாற்காலி, குடை, தண்ணீர் பாட்டில். மாடியிலிருந்து ஏழு பேர் இறங்கினார்கள். கடைசியாகத் துறைத்தலைவர், பெரியவர் என்று சொல்வோம், முகமூடி அணிந்துகொண்டு வந்தார். எல்லோரும் கோட்டின்மேல் வரிசையாக நின்றார்கள். அப்போதுதான் பழுதறி அதிகாரி கையேட்டைத் திறந்தார்.

"ஆய்வின்போது வண்டியின் எஞ்சின் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். பாதுகாப்பு விதி, சார்."

"அணைச்சிடுங்க," என்றார் பெரியவர்.

"ஆயத்த வண்டிய அணைக்கக் கூடாது சார். சுற்றறிக்கை."

"அப்போ ஓடும்போதே பாத்துடலாம்."

"ஓடும்போது ஆய்வு பண்ணக் கூடாது சார். கையேடு."

ஏழு பேரும் யோசித்தார்கள். யோசிக்க யோசிக்க இருமினார்கள். எட்டு மணி நேரம் மாப்பிள்ளை உட்காருகிற இடத்துக்குப் பதினைந்தடி தள்ளி அவர்களால் இருபது நிமிடம்கூட நிற்க முடியவில்லை. கடைசியில் ஓர் இளம் அதிகாரிதான் வழி கண்டுபிடித்தார். இதே வகை, இதே வருட லாரி இன்னொன்று ஷெட்டின் கோடியில் நிற்கிறதே, இரண்டும் ஒரே தயாரிப்புதானே, அதை ஆய்வு செய்தால் என்ன? கைதட்டாத குறை. எல்லோரும் அங்கே போனார்கள். அந்த லாரி அங்கே நின்று இரண்டு வருடமாகிறது. அதற்கு எஞ்சினே கிடையாது, ரிப்பேருக்குக் கழற்றிக் கொண்டுபோனது திரும்பி வரவில்லை.

"சார், இதுல எஞ்சின் இல்ல," என்றேன்.

பழுதறி அதிகாரி என்னை முறைத்தார். "மறுபடியும் தெரிஞ்சுக்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

வாயை மூடிக்கொண்டேன். ஏழு பேரும் முறைவைத்துக் குனிந்து, அந்த லாரியின் சைலன்சரில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார்கள். ஒருவர் மட்டும் எலி வாசம் வருவதாகச் சொன்னார். அது டீசல் அல்ல என்பதால் குறிப்பில் சேர்க்கப்படவில்லை. நெடி இல்லை என்று ஏழு கையெழுத்து விழுந்தது. பிறகு பெரியவர் முகமூடியை இறக்கிவிட்டுப் பேசினார். மாப்பிள்ளை கேபினிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்தானா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியாது, முகம் இந்தப் பக்கம் இருந்தது.

"நான் இந்தத் துறைக்கு வந்து ஒம்பது வருஷம் ஆச்சு," என்றார் பெரியவர். "இந்த ஒம்பது வருஷத்துல என் கையெழுத்துல ஒரு வண்டிகூடப் பழுதுன்னு போனதில்ல. எத்தனையோ வண்டி ஓடாம நின்னிருக்கு. வழியில கவுந்திருக்கு. ஆனா பழுதானதில்ல. அதுக்குக் காரணம் நம்ம நடைமுறை. இப்ப நெடின்னு ஒரு பேச்சு வந்திருக்கு. நெடிங்கிறது எங்க இருக்கு? வண்டியிலயா? இல்ல. ஒருத்தர் மோந்தாத்தான் நெடி. அப்போ அது மூக்குல இருக்கு. வண்டி நம்மளோடது, அதுக்கு நாம பொறுப்பு. மூக்கு அவரோடது. அவரோட மூக்க நாம பரிசோதிக்கலைன்னா, அது அவருக்குச் செய்யற அநியாயம் இல்லையா?"

அநியாயம் செய்யக் கூடாது என்று முடிவாகி, முப்பத்தெட்டாவது நாள் மூக்குப் பரிசோதனை.

அதற்காக மாப்பிள்ளைக்கு இருபத்தைந்து நிமிடம் இறங்க அனுமதி கிடைத்தது. அந்த நேரத்துக்கு இருக்கை காலியாக இருக்கக் கூடாதே? அவனுடைய சீருடைச் சட்டையை இருக்கையில் மாட்டிவைக்கலாம் என்று எழுத்துமூலம் விலக்கு அளித்தார்கள். அப்படியானால் இத்தனை நாளும் சட்டையையே உட்காரவைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை யாரிடமும் சொல்லவில்லை. பனியனோடு மாடிப்படி ஏறினான் மாப்பிள்ளை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறினான். நாற்பத்து நாலு வயசு அவனுக்கு.

கூட்ட அறையில் நீள மேசை. மேசையில் ஐந்து பாட்டில்: பினாயில், பூண்டு, சோப்புத் தண்ணீர், வினிகர், டீசல். பரிசோதிக்கத் துறையின் டாக்டர் வந்திருந்தார். அவர் கண் டாக்டர். அன்றைக்கு அவர்தான் கிடைத்தார். சாட்சிக்கு என்னைக் கதவோரம் நிற்கவைத்தார்கள்.

முதல் பாட்டிலைத் திறந்து நீட்டினார்கள். கதவோரம் நின்ற எனக்கே பினாயில் மண்டையில் ஏறியது. மாப்பிள்ளை கண்ணை மூடி, பள்ளிக்கூடப் பையன் பரீட்சைக்கு யோசிப்பதுபோல நெற்றியைச் சுருக்கி இழுத்தான்.

"ஒண்ணும் இல்லீங்க சார்."

பூண்டு. "இதுலயும் இல்லீங்க."

சோப்பு. வினிகர். அவன் தலையை ஆட்டிக்கொண்டே வந்தான். தப்பாகச் சொல்கிறோமோ என்று பயந்து என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

கடைசியில் டீசல். பாட்டிலை மூக்குக்குக் கீழே வைத்தும் போதாதென்று, ஒரு துணியில் நனைத்து முகத்துக்கு நேரே பிடித்தார்கள்.

"தண்ணிங்களா சார்?" என்றான்.

அறையில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி. பழுதறி அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"டீசல் வாசமே தெரியலைன்னா, டீசல் நெடின்னு எப்படிப் புகார் குடுத்தீங்க?"

"அப்போ தெரிஞ்சுது சார்."

"இப்போ?"

"இப்போ இல்லீங்க."

"அப்போ நெடி சரியாயிடுச்சுன்னு எழுதிக்கலாமா?"

மாப்பிள்ளை அந்தத் துணியை இன்னொரு தடவை மோந்து பார்த்தான். "எழுதிக்கோங்க சார்," என்றான்.

நாற்பதாவது நாள் உத்தரவு வந்தது. புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது. அதோடு, ஆயத்த வண்டியின் சூழலால் சற்றும் பாதிக்கப்படாத ஒரே ஓட்டுநர் என்று அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டிருப்பதால், ஓய்வுபெறும் நாள்வரை அவனே அந்த வண்டிக்கு நிரந்தரமாக நியமிக்கப்படுகிறான். ஓய்வுக்கு இன்னும் பதினாறு வருடம். கூடவே பாராட்டுச் சான்றிதழ் ஒன்று, சட்டமிட்டு. அதைக் கேபினில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் தங்கை என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"அண்ணா, நேத்து அடுப்புல பால் தீஞ்சு வீடே புகையா போச்சு. இவரு பக்கத்துலதான் நிக்கறாரு. என்னங்க தீயுதுன்னு நான் ஓடி வந்து கேட்டா, அப்படியாங்கறாரு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். வாசனை திரும்ப வருமான்னு சொல்ல முடியாதாம். மொதல்ல அந்தப் புகையில இருந்து ஆள வெளிய கொண்டாங்க, இல்லைன்னா அடுத்தது எது போகும்னே சொல்ல முடியாதுங்கறாரு."

"உத்தரவு போட்டுட்டாங்கம்மா. நான் என்ன செய்ய முடியும்?"

"நீ என்ன வேலை பாக்கற அண்ணா?"

நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"அந்த வண்டிக்கு என்னன்னு உனக்கு எப்போ தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். நாற்பது நாளில் எனக்கு அது நன்றாகவே பழகியிருந்தது. "மொதல் நாளே தெரியும்," என்றேன்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. என் முகத்தைப் பார்த்தாள், பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகு சாப்பிட உட்கார்ந்தேன். தட்டை மூடிவைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு ஆயத்த வண்டி ஸ்டார்ட் ஆனது. ஒன்பது பத்துக்கு நான் அலமாரியைத் திறந்து இன்ஜெக்டர், கேஸ்கெட், ரப்பர் மூன்றையும் எடுத்துக்கொண்டு போய்க் கோட்டைத் தாண்டினேன். பெரிய வீரம் ஒன்றும் இல்லை. கேபினுக்குள் கையை விட்டு எஞ்சினை அணைக்கிற கேபிளை இழுத்தேன்.

திடீரென்று முற்றத்தில் அப்படி ஓர் அமைதி. மாடியில் என்ன சத்தம் என்று பார்க்க ஆட்கள் ஓடி வந்தார்கள். சத்தம் நின்றதுதான் அவர்களுக்குச் சத்தமாகக் கேட்டிருக்கிறது.

"யாரு அணைச்சது?" பழுதறி அதிகாரி மாடியிலிருந்தே கத்தினார்.

"நான்தான் சார்."

"என்ன கோளாறுன்னு படிவம் வந்துச்சா?"

"வரல சார். எனக்குத் தெரியும்."

திடுதிடுவென்று இறங்கி வந்தார்கள். பெரியவரும் வந்தார். வந்தவர்கள் கோட்டருகில் நின்றார்கள். பழுதறிதல் முடியும்வரை யாரும் தாண்டக் கூடாது என்பது அவர்கள் போட்ட உத்தரவு. புகார் தீர்ந்துபோனதே ஒழிய உத்தரவை யாரும் ரத்து செய்யவில்லை. ரத்து செய்யும் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று அங்கேயே நின்று வாதாட ஆரம்பித்தார்கள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. நான்காவது இன்ஜெக்டரைக் கழற்றினேன். அதன் நுனியில் டீசல் சொட்டிக்கொண்டிருந்தது. புதியதைப் போட்டு, குழாயில் காற்றை எடுத்துவிட்டு இறுக்கினேன். கீழே படுத்து, கரியைச் சுரண்டி, கேஸ்கெட்டை மாற்றினேன். கடைசியாகக் கேபினுக்குள் தலையை விட்டு ரப்பர் உறையை மாட்டினேன். மாப்பிள்ளை எனக்காக முழங்காலை ஒதுக்கிக்கொண்டான். அதைத் தவிர அசையவில்லை. இறங்கவும் இல்லை.

"எறங்கி நில்லு மாப்ள."

"உத்தரவு இருக்கா மச்சான்?" என்றான். வேடிக்கைக்குக் கேட்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். வேடிக்கை இல்லை.

ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. சரியாகச் சொன்னால் ஒரு மணி இருபது நிமிடம். நான் தலையை வெளியே எடுப்பதற்குள் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குற்றச்சாட்டுத் தாளை ஒரு நீளக் குச்சியின் நுனியில் சொருகி நீட்டினார்கள். மூன்று குற்றம். பழுதில்லாத வண்டியைப் பழுது பார்த்தது. கொடுத்த உறுதிமொழியை மீறித் தெரிந்துகொண்டது. ஆயத்த வண்டியை ஒரு மணி இருபது நிமிடம் ஆயத்தமில்லாமல் ஆக்கியது. மூன்றும் உண்மை. அங்கேயே கரிக் கையோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நாற்பது நாள் சும்மா இருந்ததற்கு நான்காவதாக ஒரு குற்றம் போட்டிருந்தால் அதற்கும் போட்டிருப்பேன். அதுதான் பெரிய குற்றம். ஆனால் துறையில் அதற்கு விதி இல்லை.

"ஸ்டார்ட் பண்ணு மாப்ள."

சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒரே தடவையில் பிடித்தது. நான்கும் சமமாக ஓடியது. சத்தத்திலேயே தெரிந்தது. கேபினில் தலையை விட்டு மோந்து பார்த்தேன். புது ரப்பர் வாசம், அவனுடைய வேர்வை வாசம், வேறொன்றும் இல்லை. கோட்டோரம் நின்றவர்கள்கூட ஒவ்வொருவராக மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்தார்கள். எடுத்ததை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

"சரியாயிடுச்சா மச்சான்?" என்றான் மாப்பிள்ளை.

"ஆயிடுச்சு."

அவன் முகத்தை உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். விட்டுவிட்டு மறுபடியும் இழுத்தான். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அங்கேயும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தான்.

"நீ சொன்னா சரிதான்," என்றான்.